ஊசி மெத்தையும் அஹிம்சா தர்மமும்

தர்ம விசாரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய பொருள்களையே எடுத்துக்கொள்கிறார்கள். யுத்தம் எப்போது நியாயமாகும், அரசனுடைய ஆணை அநீதியானால் குடிமகன் என்ன செய்வது, உயிர்க்கொலை எந்த நிலையில் பாவமாகாமல் போகும் என்பன போன்ற வினாக்களில் சான்றோர் பல நூற்றாண்டுகளாகத் தம் அறிவைச் செலவிட்டு வந்திருக்கின்றனர், அது தகுந்ததே. எனினும் யுத்தத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ அதிகாரம் படைத்தவர்கள் உலகில் மிகச் சிலரே. மற்றவர்களாகிய நமக்கு வாய்த்திருக்கும் தர்மக்ஷேத்திரம் வீட்டுக் கூடம், அடுக்களை, தையல் பெட்டி என்ற அளவிலேயே அமைந்திருக்கிறது. ஆகையால், தையல் வேலை செய்வோர் ஊசியையும் குண்டூசியையும் குத்தி வைப்பதற்காகத் துணியில் தைத்துக்கொள்ளும் உள்ளங்கை அளவான மெத்தையை எடுத்துக்கொண்டு, அதற்குள் எதை அடைப்பது நல்லது என்ற கேள்வியை தர்மத்தின் கண்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

இந்த ஊசி மெத்தையில் கண்ணுக்குத் தெரிவது மேலுறை ஒன்றுதான். பட்டுத் துண்டோ சுங்கடித் துண்டோ, தக்காளி வடிவமோ பூ வடிவமோ, அதன் அழகெல்லாம் புறத்தே இருக்கிறது. வாங்குகிறவரும் அன்பளிப்பாகப் பெறுகிறவரும் அந்த அழகைப் பார்த்தே மகிழ்கிறார்கள். உள்ளே இருப்பதை அறிந்தவர் செய்தவர் ஒருவரே. கடைசித் தையலைப் போட்டு முடிச்சிட்டு நூலை அறுத்த பிறகு, துணி நைந்து கிழியும் வரையில் வேறு எவரும் அதைப் பார்க்கப் போவதில்லை. பிறர் காணமுடியாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதே அவனுடைய ஒழுக்கத்துக்கு உரைகல் என்று எல்லாச் சமயங்களும் கூறுமானால், அந்த உரைகல்லாக இருக்கும் தகுதி இந்தச் சிறு மெத்தைக்கும் உண்டு.

இவ்வளவு அற்பமான பொருளில் சமயத்துக்கு என்ன வேலை என்று கேட்பவருக்கு, பௌத்த பிக்ஷுக்களின் ஒழுக்க நூலாகிய விநய பிடகமே விடை கூறும். பிக்ஷு ஒருவன் தன்னுடையதென்று வைத்துக்கொள்ள அநுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களில் ஊசியும் ஒன்று. மூன்று சீவர ஆடைகள், பிக்ஷா பாத்திரம், சவரக் கத்தி, இடைக்கச்சு, நீர் வடிகட்டி என்பவற்றோடு அதுவும் எண்ணப்படுகிறது. அந்த ஊசி சங்கத்துக்குள் வந்த வரலாற்றைச் சுள்ளவக்கம் என்னும் பகுதி வெகு நிதானமாகச் சொல்கிறது. முதலில் பிக்ஷுக்கள் கோழி இறகையும் மூங்கில் சிம்பையும் கொண்டு ஆடைகளைத் தைத்தார்கள். தையல் சரியாக அமையவில்லை. விஷயம் பகவான் புத்தரிடம் தெரிவிக்கப்பட, ஊசி வைத்துக்கொள்ள அவர் அநுமதி தந்தார். ஊசிகள் துருப்பிடித்தன, அவற்றை இட்டு வைக்கக் குழாய் அநுமதிக்கப்பட்டது. குழாயிலும் துருப்பிடித்தன, அதில் நொதிப் பொடியை நிரப்பச் சொன்னார். அதிலும் துருப்பிடிக்க, மாவை நிரப்பச் சொன்னார். மாவும் பயன்படாமற் போக, உரையாசிரியர்கள் கல்லின் பொடி என்று விளக்கும் ஒன்றை அநுமதித்தார். அதிலும் துரு நிற்காததால், அத்துடன் தேன்மெழுகைச் சேர்க்கச் சொன்னார். அந்தக் கலவை உதிர்ந்து போயிற்று என்று கேட்டதும், அதற்கு ஓர் உறை செய்துகொள்ள இசைந்தார். ஊசியைத் தள்ளும் விரல் நோகிறது என்று சொன்னபோது விரற்பூண் அணியவும் அநுமதி கிடைத்தது.

நிர்வாணத்தை உபதேசிக்க வந்த ஒரு மகான், ஊசிக் குழாயில் எதை நிரப்புவது என்ற பிரச்சினையை அலட்சியமாகத் தள்ளிவிடாமல், ஒவ்வொரு முறையும் செவிகொடுத்துக் கேட்டு, முன்பு தாம் சொன்ன வழி பயன்படவில்லை என்று தெரிந்தபோது மறுபடியும் வேறு வழி சொன்னதாக அந்த நூலைத் தொகுத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களே, இதை நாம் சிந்திக்க வேண்டும். அவர் செய்யும் தீர்ப்பு எதுவும் பிடிவாதமாக நிற்பதில்லை. விளைவைப் பார்த்துத் திருந்திக்கொண்டே போகிறது. உபதேசமெல்லாம் முடிந்து பரிநிர்வாணம் அடையும் தறுவாயில் அவர் தம் சீடர்களுக்கு வற்புறுத்தியது அப்பிரமாதம், அதாவது சோர்வின்றி விழிப்புடனிருத்தல் என்பதைத்தான் என்று மகாபரிநிர்வாண சூத்திரம் கூறுகிறது. அந்த விழிப்பின் மிகச் சிறிய, மிகத் தெளிவான உருவம் இந்த ஊசிக்குழாய்ப் பகுதியில் இருக்கிறது என்பது என் துணிபு.

இனி, விழிப்புக்கும் அஹிம்சைக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் ஒருவன் தீங்கு விளைத்துவிட்டால் அவன் குற்றவாளியா என்பது பாரத தேசத்துச் சிரமணர்களிடையே வெகுகாலம் நடந்த வாதம். நாலந்தாவில் ஜைன குருவாகிய நிகண்ட நாதபுத்தருடைய சீடனாகிய உபாலி என்னும் இல்லறத்தான் புத்தரிடம் சென்று, உடலாற் செய்யும் தீமையே பெரிதென்று வாதிட்டதையும், மனத்தாற் செய்வதே பெரிதென்று புத்தர் மறுத்ததையும் மத்திம நிகாயம் விரிவாகச் சொல்கிறது. எண்ணமே கர்மம் என்பது பௌத்தரின் சித்தாந்தம். தம்மபத உரையின் முதற் கதையில் வரும் சக்குபாலர் என்னும் முதியவர் இரு கண்களையும் இழந்தவர்; மழை பெய்து ஓய்ந்த பின் அதிகாலையில் அவர் உலவியபோது அவர் காலடியில் பூச்சிகள் பல மடிந்தன; அவர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவருக்கு இல்லை, ஆதலால் அவர்மேல் குற்றமில்லை என்று புத்தர் கூறியதாக அக்கதை சொல்கிறது.

இந்தக் கதையை நம் சௌகரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அபாயம் ஒன்று உண்டு. “நான் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன், உள்ளே அடைத்த பொருள் கேடு செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் சக்குபாலரைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் சக்குபாலர் பார்க்க இயலாதவர். நாமோ பார்க்க முயலாதவர்கள். கண் இல்லாமையும் கண்ணைத் திறவாமையும் ஒன்றாகுமா? ஜைன ஆசாரியர் உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, உயிருக்கு ஊறு செய்வதென்பதோடு நிறுத்தாமல், பிரமாதத்தின், அதாவது விழிப்பின்மையின், வசப்பட்டு அவ்வாறு செய்வது என்று கூட்டியுரைத்தார். எண்ணத்தைப் பெரிதென்ற புத்தரும் செயலைப் பெரிதென்ற நிக்ரந்தராகிய ஜைனரும், பல படிகளில் மாறுபட்டு நின்றாலும், விழிப்பின்மையே ஹிம்சையின் ஊற்று என்ற இந்த ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். தீய எண்ணம் இல்லாதிருப்பது அஹிம்சையின் பாதிதான். தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்வது மற்றப் பாதி.

அவ்வாறு தெரிந்துகொள்ளக் கூடியவை யாவை? ஊசி மெத்தையின் உள்ளீடு ஊசிக்கும், அதைப் பயன்படுத்துகிறவருக்கும், அதை நிரப்புகிறவருக்கும், அவ்வீட்டில் தவழும் குழந்தைக்கும் கேடு செய்யாததாக இருக்க வேண்டும். இந்த நால்வரையும் மனத்தில் வைத்துக்கொண்டு, வழக்கத்தில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கலாம்.

முதலில் மணல். கனம் இருப்பதால் மெத்தை மேஜையில் அசையாமல் நிற்கும். குத்தும்போதெல்லாம் ஊசிமுனை சற்றே தீட்டப்படும். ஆகையால் பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் மணலின் பெரும்பகுதி சிலிக்கா. அதன் நுண்ணிய தூசு மூச்சோடு சென்று நுரையீரலில் தங்கினால் சிலிகோஸிஸ் என்னும் நோய் உண்டாகும். கல் உடைப்போரையும் சுரங்கத் தொழிலாளரையும் வாட்டிய நோய் அது. சுவாசிக்கப்படும் படிக சிலிக்காத் தூசைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் தூசிலேயே உழலும் தொழிலாளிக்கு நேரும் அபாயத்தை, ஒரு மெத்தை தைத்தவருக்கும் உண்டு என்று மிகைப்படுத்துவது உண்மைக்குப் புறம்பானது. எனினும் விற்பனைக்காக நாள்தோறும் நூறு மெத்தைகள் நிரப்பும் பெண்ணின் நிலை வேறு. பல முறை நீரில் அலசித் தூசு போக்கி, நன்றாக உலர்த்திய பருமணலை, நெருக்கமாக நெய்த துணியில் தைத்த உட்பையில் அடைத்துப் பிறகு மேலுறையிட்டால் இந்தக் கேடு பெரும்பாலும் நீங்கும்.

மேலைநாட்டுத் தக்காளி வடிவ ஊசி மெத்தையில் பச்சைக் கயிற்றின் நுனியில் தொங்கும் சிறு ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பலர் வெறும் அலங்காரம் என்று கருதுகிறார்கள். அதற்குள் இருப்பது எமரிப் பொடி. குருந்தக் கல்லும் இரும்பின் ஆக்ஸைடுகளும் இயற்கையில் கலந்து உண்டாவது எமரி. கிரேக்க நாட்டு நாக்ஸோஸ் தீவு அதற்குப் பெயர்போனது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படும் குருந்தம் அதில் இருப்பதால், துருவேறிய ஊசியை அதில் சில முறை குத்தி எடுத்தால் துரு நீங்கும். இப்பொடியைப் பெரிய மெத்தை முழுவதும் நிரப்பாமல் தனியே ஒரு சிறு பையில் வைத்த அந்த ஏற்பாட்டில் நல்ல விவேகம் இருக்கிறது: ஊசியைத் தீட்டும் பொருள் ஒன்று, ஊசி ஓய்வெடுக்கும் பொருள் ஒன்று. எப்போதும் எமரியிலேயே குத்தி எடுக்கப்படும் ஊசி, தேய்ந்துகொண்டே இருக்கும்.

மரத்தூள் எளிதில் கிடைக்கும் பொருள். அதன் பயனும் பழமையானது. ஆனால் எந்த மரத்தின் தூள் என்று கேட்காமல் அதை எடுப்பது தவறு. கறையான் அரிக்காதிருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய பலகைகள் உண்டு. ஒட்டுப்பலகையை அறுத்த தூளில் பசையும் பார்மால்டிஹைடும் கலந்திருக்கலாம். மரத்தூசையும் அதே புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் முதல் வகுப்பில் வைத்தது. மேலும் மரத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது; நம்முடையதைப் போன்ற உஷ்ணமும் ஈரமும் கூடிய தேசத்தில் அது ஊசியைத் துருவேற்றிவிடும். துருப்பிடித்த ஊசி விரலைத் துளைப்பது அற்ப விஷயமன்று.

தவிடு, அரிசி, பயறு முதலிய தானியங்களை அடைப்பவர்களும் உண்டு. தவிட்டிலுள்ள எண்ணெய் ஊசிக்கு நல்லதுதான். ஆனால் நாளடைவில் அது சிக்கடித்துப் போகும், வண்டும் புழுவும் உண்டாகும். அஹிம்சையை விரதமாகக் கொண்டவருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது: உயிர்கள் தோன்றி வளர இடங்கொடுத்து, பிறகு அவற்றின்மேல் நாளெல்லாம் ஊசி குத்துவது எப்படித் தகும்? அக்ரூட் ஓட்டைப் பொடித்து அடைப்பது இக்காலத்தில் பரவியிருக்கிறது. கனமும் ஊசி தீட்டும் குணமும் அதற்கு உண்டு. ஆனால் அந்தக் கொட்டை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். யாருக்குப் போய்ச் சேரும் என்று தெரியாத பொருளில், உள்ளே இருப்பதைச் சொல்லாமல் அதை அடைத்து வைப்பது, விருந்தினருக்கு ஆகாததென்று அறியாமலே உணவில் கலந்து பரிமாறுவதைப் போன்றது.

சிலவற்றை ஐயத்துக்கு இடமின்றி விலக்கிவிடலாம். பழைய மெத்தைகளில் கனத்துக்காக ஈயத்தை வைத்ததுண்டு. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம், இவ்வளவு வரையில் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவு அதற்குக் கிடையாது. ஊசிமுனைக்கு நல்லதென்று சிலர் சொல்லும் எஃகு நார் நம் ஈரக் காற்றில் தானே துருவேறிப் பொடியாகும். அதன் நுண்சிம்புகள் துணியைத் துளைத்து வெளியே வரும். இடித்த கட்டடங்களிலிருந்து எடுத்த கண்ணாடி இழையையும் கல்நாரையும் தொடவே கூடாது.

எஞ்சுபவை மென்மையான பொருள்கள். பருத்திப் பஞ்சு கைக்கு இதமானது, ஆனால் ஈரத்தை ஏற்பது. இலவம் பஞ்சின் இழையில் இயற்கையாகவே மெழுகு படிந்திருப்பதால் நீர் ஒட்டாது. அதனாலேயே ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்கு அதை அடைத்தார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் அதைக் கொண்டு மெத்தையும் தலையணையும் செய்யும் தொழில் பெயர்பெற்றது. அடைக்கும்போது அதன் இழை பறந்து தொண்டையை அறுக்கும் என்பதும், தீ பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும் என்பதும் அதன் குறைகள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் நிரப்பினால் இரண்டுக்கும் பரிகாரம் உண்டு. ஆட்டு ரோமத்தில் லானோலின் என்னும் கொழுப்பு இருப்பதால் ஊசி துருப்பிடிக்காது; கைவேலைக்காரர்களின் அநுபவத்தில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்க மென்பொருள் வேறில்லை. அந்துப்பூச்சி அரிக்கும் என்பதே அதன் குறை. பாலியஸ்டர் பஞ்சு ஈரம் ஏற்காது, பூச்சி அரிக்காது. கனமில்லை, மண்ணில் மக்காது.

ரோமம் என்றதும் அஹிம்சைவாதியின் மனத்தில் வேறொரு கேள்வி எழும். ஆட்டிலிருந்து எடுப்பதை ஏற்கலாமா? திகம்பர முனிவர்கள் வைத்திருக்கும் மயிற்பீலிக் கொத்து, மயில் தானாக உதிர்த்த பீலியால் ஆனது. எதையும் எடுக்கும் முன் அது வந்த வழியைப் பார்க்கும் நுண்மை அதில் இருக்கிறது. விநயமோ ரோமம், துணி, மரப்பட்டை, புல், இலை என்னும் ஐந்தையும் மெத்தைக்கு அடைக்க இசைந்து, தலையணைக்கு மரம், கொடி, புல் ஆகியவற்றின் பஞ்சை அநுமதித்தது. தமிழிலே நீலகேசி என்னும் ஜைன காவியம், தாம் கொல்லவில்லை ஆதலால் தமக்குக் குற்றமில்லை என்று ஊன் உண்ணும் பௌத்தரை மறுத்து வாதாடுகிறது. அந்த வாதத்தில் நீலகேசியின் பக்கமே நான் நிற்பேன்: விலை கொடுத்து வாங்குகிறவனுக்கும் பொருள் வந்த வழியில் பங்குண்டு. ஆட்டை வருத்தாமல் கத்தரித்த ரோமத்தை ஏற்கலாம். தோல் உரித்தபோது கிடைத்ததை மறுக்கலாம். தெரிந்துகொள்ள வழியே இல்லாதபோது இலவம் பஞ்சு இருக்கிறது.

செய்பவனுடைய துன்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதற்கு விநயத்திலேயே மற்றோர் ஆதாரம் உண்டு. சாக்கியர் நாட்டில் தந்தவேலைக்காரன் ஒருவன் பிக்ஷுக்களுக்கு ஊசிக்கூடு செய்து தருவதாக அன்போடு வாக்களித்தான். பிக்ஷுக்கள் அளவின்றிக் கேட்டார்கள். அவன் அதையே செய்துகொண்டிருந்ததால் விற்பனைக்குரிய வேறு வேலை செய்ய முடியாமல் அவன் பிழைப்புக் கெட்டு, மனைவி மக்கள் வருந்தினார்கள். எலும்பாலோ தந்தத்தாலோ கொம்பாலோ ஆன ஊசிக்கூட்டை உடைத்துவிட வேண்டும் என்ற விதி அதனால் பிறந்தது. யானைக்கு நேர்ந்ததைப் பற்றி அக்கதை பேசவில்லை. தொழிலாளிக்கு நேர்ந்ததைப் பற்றியே பேசுகிறது. அதை முன்னிட்டு மணல்தூசை மூச்சிழுத்துக்கொண்டு மெத்தை நிரப்பும் பெண்ணை நாம் நினைக்க வேண்டும். குறைந்த விலைக்கு அழகிய பொருள் கிடைக்கிறதே என்று மகிழும்போது, அந்தக் குறைந்த விலையை யாருடைய நுரையீரல் ஈடு செய்கிறது என்று கேட்பதும் தர்மமே.

ஜப்பானிய தேசத்தில் ஹரி-குயோ என்றொரு சடங்கு உண்டு. கிழக்குப் பகுதியில் பிப்ரவரி 8-ஆம் தேதியும் மேற்குப் பகுதியில் பெரும்பாலும் டிசம்பர் 8-ஆம் தேதியும், தையற்காரர்களும் கிமோனோ தைப்பவர்களும் ஒடிந்த ஊசிகளையும் வளைந்த ஊசிகளையும் கோயில்களுக்குக் கொண்டு சென்று, டோஃபு என்னும் சோயாக் கட்டியிலோ கொன்யாக்கு என்னும் கிழங்குக் கட்டியிலோ குத்தி வைத்து, தம் கைக்கு உழைத்தமைக்காக நன்றி செலுத்துகிறார்கள். கடுமையான துணிகளைத் துளைத்து வாழ்நாளைக் கழித்த ஊசிக்கு இறுதியில் மென்மையான இடம் தரவேண்டும் என்பது அவர்களுடைய கருத்து. ஒடிந்த முனை எவர் காலிலும் ஏறாதபடி ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறது என்பதையும் நாம் காண்கிறோம். அசேதனப் பொருளுக்குக் காட்டும் நன்றியும், சேதன உயிர்களுக்குக் காட்டும் கருணையும் இங்கே ஒரே செயலாகி விடுகின்றன.

“இப்படி ஒவ்வொன்றிலும் குற்றம் கண்டுகொண்டே போனால் எதையும் செய்ய முடியாதே” என்று ஒருவர் கேட்கலாம். முற்றிலும் தீங்கற்ற பொருள் என்று ஒன்று இவ்வுலகில் இல்லை என்பது மெய். பருத்தி விளைந்த வயலில் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். இலவங்காய் பறிக்க ஏறியவன் கிளையிலிருந்து விழுந்திருக்கவும் கூடும். ஆனால் பூரணமான அஹிம்சை கைகூடாது என்பதால் இயன்ற அஹிம்சையையும் விட்டுவிடலாம் என்பது நியாயமாகாது. ஊசிக் குழாயில் ஒன்று பயன்படாதபோது மற்றொன்று என்று மாற்றி மாற்றிச் சொன்ன அந்தப் பழைய நூல் காட்டும் வழி இதுதான்: அறிந்த அளவில் நல்லதைச் செய், விளைவைக் கவனி, கேடு தெரிந்தால் மாற்று, மாற்ற வெட்கப்படாதே.

ஆகவே ஊசி மெத்தை தைக்கும் சகோதர சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் இது. சுத்தம் செய்து உலர்த்திய ஆட்டு ரோமத்தையோ இலவம் பஞ்சையோ அடையுங்கள். கனம் வேண்டுமானால் அலசி உலர்த்திய பருமணலை நெருங்கிய துணியாலான உட்பையில் இட்டு அடியில் வையுங்கள். துரு நீக்க வேண்டுமானால் எமரியைத் தனிப் பையில் வையுங்கள். தானியத்தையும் ஈயத்தையும் எஃகு நாரையும் இனந்தெரியாத மரத்தூளையும் விலக்குங்கள். நிரப்பும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பிறரைக் கொண்டு நிரப்பினால் அவர்களுக்கும் அதைச் செய்து கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு சிறு துண்டுத் துணியில் எழுதி, மெத்தையின் அடியில் தைத்துவிடுங்கள். அக்ரூட் ஓட்டை அடைத்திருந்தால் அதைத் தவறாமல் எழுதுங்கள். நீங்கள் ஒருவரே அறிந்திருந்ததை அதைப் பெறுகிறவரும் அறியும்படி செய்வது, இந்தக் கைத்தொழிலில் அஹிம்சா தர்மம் உங்களிடம் கேட்கும் முதற் கடமை.